நாலு மணிக்கு மேல்

செப்டம்பர் கடைசியில், மழை விட்ட ஒரு மத்தியானம், ரிக்கேயும் ட்ரோல்ஸும் தங்கள் ஒன்பது மாதக் குழந்தை எல்னாவோடு அந்த மஞ்சள் வீட்டுக்கு வந்து இறங்கினார்கள். லாங்கலாண்ட் தீவின் தென்கோடி அது. சுற்றிலும் அறுப்பு முடிந்த வயல்கள், அதற்கப்பால் கடல். வீட்டுக்காரருக்கு ட்ரோல்ஸின் சித்தப்பா பழக்கம். குளிர்காலம் முடியும்வரை இருந்துகொள்ளுங்கள் என்று சாவியைக் கொடுத்துவிட்டார்.

உள்ளே ஈரச் சுவரின் வாடையோடு பழைய சோப்பு வாடையும் கலந்திருந்தது. நடையில், முழங்கால் உயரத்தில், சுவரோடு வரிசையாக ஆறு கொக்கிகள்.

"யாருடி இங்க குடியிருந்தாங்க, குள்ளங்களா?" என்றபடி ட்ரோல்ஸ் தன் கோட்டை ஒன்றில் மாட்டினான். கோட்டில் பாதி தரையில் கிடந்தது.

ரிக்கேயின் காதில் அது விழவில்லை. மேசையை எங்கே போடலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். தோட்டத்துப் பக்கம் ஒரு சன்னல். அதன் வழியே ஒரு பேரிக்காய் மரம். மரத்தடியில் குழந்தையின் தள்ளுவண்டி, சன்னலோரம் தன் லேப்டாப். போதும், இது போதும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஐந்து வருடங்களுக்கு முன் ஆர்ஹுஸ் நகரத்தில் இருவரும் சேர்ந்து ஒரு ஸ்டார்ட்அப் தொடங்கினார்கள். காற்றாலை சுழலும் சத்தத்தைக் கேட்டே உள்ளே எந்தப் பாகம் தேய்கிறது என்று சொல்லிவிடும் ஏஐ புரோகிராம் ஒன்றுதான் அவர்களுடைய மூலதனம். அதை எழுதியது ரிக்கே. எல்னா பிறந்ததும் அவள் விடுப்பில் போனாள், அவன் வேலையில் தொடர்ந்தான். அவள் பால் கொடுத்துக்கொண்டிருந்த மாதங்களில்தான் கம்பெனி கிடுகிடுவென்று மேலே ஏறியது. பத்திரிகையில் படம் போட்டார்கள். காற்றாலையின் கீழே கை கட்டி நிற்கும் ட்ரோல்ஸ். 'நிறுவனர்' என்று ஒருமையில் எழுதியிருந்தது.

அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் தினமும் ஒரு தடவையாவது போனில் அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தாள்.

இனி தனக்கென்று மிச்சமிருப்பது ஒரு வீடியோ கேம்தான் என்று அவளுக்குத் தோன்றியது. சதுப்பு நிலத்தில் வழி தவறிய முயல் ஒன்று வீடு தேடிப் போகும் கதை. நான்கு வருடமாகத் தனி ஆளாகச் செய்துவந்தாள். பிப்ரவரியில் பெர்லினில் ஒரு கண்காட்சி. டிசம்பர் மூன்றாம் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பினால் எடுத்துக்கொள்வார்கள். அதற்காகத்தான் இந்தத் தனிமை. ட்ரோல்ஸ் திங்களன்று கிளம்பி ஆர்ஹுஸ் போவான், வெள்ளி இரவு திரும்புவான்.

இதற்கெல்லாம் எல்னாவின் மத்தியானத் தூக்கத்தை நம்பியிருந்தாள். அவள் தூங்குவதோ அரை மணி நேரம், மிஞ்சிப் போனால் முக்கால். அந்த ஊர் வழக்கப்படி குழந்தையைப் போர்த்தி, வெளியே வண்டியில்தான் தூங்க வைப்பாள். பக்கத்தில் காவல் இருந்தால் வேலை நடக்காது. அதனால் ரிக்கே தன் பழைய புரோகிராமின் நகல் ஒன்றை எடுத்து, காற்றாலைக்குப் பதிலாகக் குழந்தையின் சத்தங்களைக் கற்றுக்கொடுத்தாள். வண்டியின் கூரைக்குள் சின்ன மைக் ஒன்றைப் பொருத்தினாள். திரையின் ஓரத்தில் பத்து விநாடிக்கு ஒரு வரி விழும். தூக்கம். மழலை. அழுகை. தான் பக்கத்தில் நின்று பேசினால் அதையும் கண்டுகொள்ளட்டும் என்று தன் குரலையும் பதிந்து, அதற்கு 'அம்மா' என்று பேர் வைத்தாள்.

இரண்டாவது வாரம் எல்னா நான்கு மணி வரை தூங்கினாள்.

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். சரியாக நாலு.

கடல்காற்று ஒத்துக்கொண்டது என்று ரிக்கே சந்தோஷப்பட்டாள். நான்காம் நாள் மத்தியானம் ஏதோ நினைவில் திரையின் ஓரத்தைப் பார்த்தாள்.

தூக்கம். தூக்கம். அம்மா. தூக்கம். அம்மா. அம்மா.

அவள் மேசையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு மணி நேரமாக வாயைத் திறக்கவில்லை.

புரோகிராம் குழம்பிவிட்டது என்று நினைத்துப் பதிவைப் போட்டுக் கேட்டாள். முதலில் இலைகளின் சலசலப்பு. பிறகு தள்ளுவண்டியின் ஸ்பிரிங் கிரீச்சிடும் சத்தம், ஒரே சீராக, யாரோ ஆட்டுவது போல. அதற்கும் அடியில், மூடிய உதடுகளுக்குள் ஒரு முனகல் பாட்டு. இரண்டே சுரம். மேலே ஒன்று, கீழே ஒன்று.

சன்னலைப் பார்த்தாள்.

மூடுபனி அசையாமல் நின்றது. பேரி மரத்தில் ஓர் இலை ஆடவில்லை.

தள்ளுவண்டி ஆடிக்கொண்டிருந்தது.

செருப்புகூடப் போடாமல் ஓடினாள். அவள் கிட்டே போனதும் வண்டி நின்றது. யாரும் இல்லை. எல்னா கண் திறந்து, அவளைத் தாண்டி எதையோ பார்த்துச் சிரித்தாள். பக்கவாட்டில் செருகிவிட்டிருந்த போர்வை இப்போது பாதங்களுக்கு அடியில் இறுக்கமாக மடித்திருந்தது. சோப்பு வாடை அடித்தது.

அன்றைக்கே அவள் பெட்டியைக் கட்டியிருக்கலாம். கட்டவில்லை. மறுநாள் மத்தியானம் எல்னாவை வண்டியில் படுக்க வைத்து, சற்று நேரம் மரத்தடியில் நின்றாள். பிறகு திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினாள்.

மூன்றரை மணி நேரம் கிடைத்தது. பிள்ளை பிறந்த நாளிலிருந்து அவ்வளவு நேரம் அவளுக்குச் சேர்ந்தாற்போல் கிடைத்ததில்லை.

"எப்படிடி இவ்வளவு முடிச்சே?" என்று அந்த வார இறுதியில் ட்ரோல்ஸ் வியந்தான். "எனக்கும் அந்த ரகசியத்தைச் சொல்லேன்."

"பிள்ளை தூங்குது, நான் வேலை பாக்குறேன். இதுல என்ன ரகசியம்?" என்றாள்.

நவம்பரில் எல்னா மாறிப்போனாள். நான்கு மணிக்கு வண்டியிலிருந்து தூக்கினால் உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு அழுதாள். ரிக்கே நீட்டும் கரண்டியை விட்டுச் சன்னலைப் பார்த்தாள். இரு கைகளையும் தட்டி, பிறகு முழங்காலைத் தட்டி, மறுபடி கைகளைத் தட்டும் ஒரு விளையாட்டை அவளாக விளையாடினாள். ரிக்கே அதைச் சொல்லிக்கொடுத்ததில்லை.

ஒரு காலை கஞ்சி ஊட்டும்போது எல்னா முதல் தடவையாகத் தெளிவாகச் சொன்னாள்.

"அம்மா."

ரிக்கேக்குக் கண் நிறைந்தது. அப்புறம்தான் கவனித்தாள். குழந்தை அவள் தோளுக்கு மேலே, தோட்டத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தாள்.

ரிக்கேக்கு அப்போது வந்தது பயமில்லை. பத்திரிகைப் படத்தைப் பார்க்கும்போது நெஞ்சுக்குள் எரியுமே, அதே எரிச்சல். அதைவிடக் கூடுதல்.

அந்த வாரம் பக்கத்துப் பண்ணைக்காரர் ஹென்னிங் ஒரு வாளி ஆப்பிளோடு வந்தார். எழுபது வயசிருக்கும்.

"தூங்குறாளா?" என்று தோட்டத்தைப் பார்த்தார்.

"நாலு மணி வரைக்கும் எழ மாட்டா."

வாளியை இறக்கிய கை அப்படியே நின்றது. "நாலுன்னு யாரும்மா சொன்னது?"

"யாரும் சொல்லலை. அதுவா நடக்குது. ஏன் கேக்குறீங்க?"

ஹென்னிங் நடையிலிருந்த கொக்கிகளைப் பார்த்தார். "இங்க டாக்னின்னு ஒருத்தி இருந்தா. ஊர்ப் பிள்ளைங்களைப் பகல்ல அவதான் பாத்துக்கிட்டா, முப்பத்தொரு வருஷம். என் பசங்க ரெண்டும் அவகிட்ட இருந்ததுங்கதான். அவளுக்குன்னு ஒண்ணு தங்கலை. நாலு மணியானா அம்மாக்காரிங்க வந்து வரிசையா நிப்பாங்க. பிள்ளைங்க அவளை விட்டு வராம அழும். என் பொண்டாட்டி வீட்டுக்கு வந்து அழுவா, 'அவ வேணும்னே பண்றா'ன்னு."

"வேணும்னேதான் பண்ணாங்களா?"

"நல்லா பாத்துக்கிட்டா, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனா அஞ்சு நிமிஷம் லேட்டா வந்தா கதவைத் திறக்க மாட்டா. ஒரு தடவை ஒரு பொண்ணு கொட்டுற மழையில கால் மணி நேரம் தட்டிக்கிட்டு நின்னுச்சு. கடைசியில திறந்து, 'நீ வர மாட்டேன்னு நெனச்சேன்'னாளாம்." குரல் இறங்கியது. "செத்து நாலு வருஷமாச்சு. நீ பிள்ளையை உள்ளயே தூங்க வச்சிடேன்."

ரிக்கே தலையாட்டினாள். கேமை அனுப்ப வேண்டிய வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. முயல் இன்னும் வீடு போய்ச் சேரவில்லை. மறுநாளும் வண்டியைப் பேரி மரத்தடிக்கே தள்ளிக்கொண்டு போனாள். போனில் மட்டும் மூன்று ஐம்பத்தைந்துக்கு அலாரம் வைத்தாள்.

டிசம்பரின் அந்த மூன்றாம் வெள்ளிக்கிழமை மூன்றரைக்கே இருட்டிவிட்டது. கேமை அனுப்பத் தொடங்கியிருந்தாள். தீவின் இணையம் நொண்டியடித்தது. எழுபது சதவீதம். எழுபத்தொன்று. அலாரம் அடித்தது. ஒரே நிமிஷம் என்று அதை அணைத்தாள். எண்பது. நடுவில் அறுந்தது. மறுபடி தொடங்கியது. எல்லாம் போய்ச் சேர்ந்து பச்சை விளக்கு எரிந்தபோது மூச்சு விட்டு, திரையின் ஓரத்தைப் பார்த்தாள்.

மழலை. அம்மா. மழலை. அம்மா. அம்மா. அம்மா.

மணி நாலு ஒன்பது.

போனின் வெளிச்சத்தோடு ஓடினாள். மூடுபனியில் வெளிச்சம் நாலடிக்கு மேல் போகவில்லை. வண்டி மரத்தடியில் நின்றது, ஆடாமல்.

போர்வை நாலாக மடித்து வைத்திருந்தது.

குழந்தை இல்லை.

"எல்னா?"

கையிலிருந்த போனில் எல்னா சிரித்தாள். மைக்கில் கேட்பதெல்லாம் போனுக்கு வரும்படி ரிக்கேதான் செய்து வைத்திருந்தாள். காதோடு ஒட்டியது போல் அவ்வளவு கிட்டத்தில் கேட்டது.

மைக் வண்டியின் கூரைக்குள் இருந்தது. வண்டி அவள் முன்னால் காலியாக இருந்தது.

அப்போது வேலியோரம் ஏதோ அசைந்தது.

எல்னா நடந்துகொண்டிருந்தாள்.

அதுவரை ஓர் அடி எடுத்து வைக்காத பிள்ளை. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, யாருடைய விரல்களையோ பிடித்துக்கொண்டு, வேலியின் இடைவெளியை நோக்கி ஒவ்வோர் அடியாக வைத்துப் போனாள். அதற்கப்பால் வயலும் கடலும்தான்.

ரிக்கே கூப்பிட்டாள். குழந்தை திரும்பி அவளைப் பார்த்தது. அடையாளம் தெரிந்தது. தெரிந்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டு மேலே நடந்தது.

பாய்ந்து இடுப்பைப் பிடித்தாள். உடம்பு வந்தது. வலது கை வரவில்லை. அது பனிக்குள் நீண்டு, விறைப்பாக நின்றது. அந்தப் பக்கம் ஒரு பிடி இருந்தது.

போனில் குரல் வந்தது. கோபமில்லாத, களைத்த குரல்.

"மணி நாலு தாண்டிடுச்சு."

"தெரியும்." ரிக்கே பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். "லேட்டாயிடுச்சு. ஆனா வந்துட்டேன்."

பிடி தளரவில்லை.

"எனக்கு வேலை இருந்துச்சு."

"எல்லாருக்கும் வேலை இருந்துச்சு."

சோப்பு வாடை முகத்தில் அடித்தது. ரிக்கே மண்டியிட்டாள். "நீங்க பாத்துக்கிறீங்கன்னு தெரியும். தெரிஞ்சேதான் விட்டேன். என் தப்புதான். ஆனா இவ எனக்குப் பொறந்தவ. உங்ககிட்ட விட மாட்டேன்."

சொல்லிவிட்டு, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து இழுத்தாள்.

குழந்தை அவள் மேல் வந்து விழுந்தது. வெறும் கையோடு. அதன் வலது கையுறை அங்கேயே, முன்பிருந்த உயரத்திலேயே, பனிக்குள் தொங்கிக்கொண்டிருந்தது.

காரை எடுத்தவள் தீவின் பாலத்தைத் தாண்டும்வரை நிறுத்தவில்லை. அவ்வளவு தூரமும் எல்னா பின்கண்ணாடியைப் பார்த்துக் கை நீட்டி அலறினாள்.

தீவுக்குக் கிளம்பவிருந்த ட்ரோல்ஸைப் போனில் நிறுத்திவிட்டு, அன்றிரவு ஆர்ஹுஸில் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பதிவுகளைப் போட்டுக் காட்டினாள். அவன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டான்.

"இது நீ பாடுறதுதானே?"

"நான் பாடி எப்போ கேட்டிருக்கே?"

அவன் ஹெட்போனைக் கழற்றிக் கீழே வைத்தான். "ஏன் அன்னைக்கே சொல்லலை?"

"சொன்னா நிறுத்தச் சொல்லுவே. உனக்கு எல்லாம் கிடைச்சிருச்சு, ட்ரோல்ஸ். எனக்கு அந்த மூணரை மணி நேரம்தான் இருந்துச்சு."

சாமான்களை எடுத்துவர அவன் மட்டும் போனான், பட்டப்பகலில், ஹென்னிங்கைத் துணைக்கு வைத்துக்கொண்டு. வெளியூர்ப் பயணங்களைக் குறைத்தான். ஜனவரியில் பெர்லினிலிருந்து கேமைத் தேர்ந்தெடுத்துவிட்டதாகக் கடிதம் வந்தது. ரிக்கே அதை நின்றபடியே படித்து, போனை மூடி வைத்துவிட்டு, எல்னாவுக்கு ரொட்டி வெட்டப் போனாள்.

மார்ச்சில் வீட்டுக்குப் பக்கத்துப் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் எல்னாவுக்கு இடம் கிடைத்தது. மத்தியானம் பின்தோட்டத்தில் பத்துப் பன்னிரண்டு தள்ளுவண்டிகள் வரிசையாக நிற்கும். மூன்று அடிப்பதற்குள் ரிக்கே அங்கே இருப்பாள். மழையோ பனியோ, கூட்டமோ, எதுவானாலும் மூன்று மணி. எல்னா இப்போது அவளைப் பார்த்ததும் தத்தித் தத்தி ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்கிறாள்.

ஏப்ரல் முதல் வாரம், காப்பகப் பெண் ஃப்ரெயா பையை எடுத்துக் கொடுத்தபடி சொன்னாள். "உங்க வீட்டுப் பெரியவங்க ரொம்ப நல்ல மாதிரி."

"எந்தப் பெரியவங்க?"

"பின்னாடி வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நிப்பாங்களே. பிள்ளைங்க தூங்குற நேரமாப் பாத்து வராங்க. எல்னா அவங்களைப் பாத்தா கையைத் தட்டி, முழங்காலைத் தட்டி, என்னமோ விளையாடுறா. அதான் சொந்தம்னு நெனச்சேன்."

ரிக்கே குழந்தையைத் தூக்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். "ஏதாவது பேசினாங்களா?"

"அம்மா எத்தனை மணிக்கு வருவாங்கன்னு கேட்டாங்க. மூணுக்கெல்லாம் வந்துடுவாங்க, ஒரு நாள் தவறினதில்லைன்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"சிரிச்சாங்க," என்றாள் ஃப்ரெயா. "'பரவாயில்லை, எல்லா அம்மாவும் ஒரு நாள் லேட்டா வருவா'ன்னு சொன்னாங்க."