வாசலில் சிலிப்பர் இல்லாத அறை

எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும். சிரம்பான் ரயில்வே ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருபது வருடம் இருந்தவன் நான்; அங்கே யாரைக் கேட்டாலும் பரமநாதனின் வாயைப் பற்றிச் சொல்வார்கள். இந்தக் கதையில் நடந்த கெடுதலுக்குப் பாதிக் காரணம் அந்த வாய்தான். மீதிப் பாதியைக் கடைசியில் சொல்கிறேன்.

எண்பத்து மூன்றாம் வருடம், தைப்பூசத்துக்கு முதல் நாள் காலை. நானும் என் மனைவி அருந்ததியும் பட்டர்வொர்த்தில் ரயிலை விட்டு இறங்கி, பெரிக் கப்பல் ஏறிப் பினாங்குக்கு வந்தோம். அதற்கு முந்தின வருடம் நிமோனியாவில் பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். டாக்டரே கையை விரித்த ஒரு ராத்திரியில் அவள் முருகனுக்கு நேர்ந்துகொண்டாள். நான் பிழைத்தால் பினாங்கு தண்ணீர்மலைக் கோவிலுக்குப் பால்குடம் எடுப்பாள். காப்புக் கட்டிய நாளிலிருந்து பாலை ஊற்றும்வரை காலில் எதுவும் போடமாட்டாள். சிரம்பானிலிருந்தே வெறுங்காலோடுதான் வந்தாள். ரயில் கக்கூசுக்குள்ளும் அப்படியே போனாள். "சாமி ஒண்ணும் கோவிச்சுக்காதுடி" என்று திட்டிப் பார்த்தேன். அவள் காதிலேயே வாங்கவில்லை.

தைப்பூசத்துக்கு ரூம் தேடிப் பினாங்குக்கு வருகிறவனைப்போல முட்டாள் உலகத்தில் கிடையாது. சூலியா ஸ்திரீட்டில் ஏறி இறங்காத படி இல்லை. மூட்டைப்பூச்சி ஓட்டல்கூட நிரம்பி வழிந்தது. பினாங்கிலேயே, புலாவ் தீக்கூஸில் என் மைத்துனன் விஸ்வலிங்கம் வீடு இருக்கிறது. ஆனால் அவன் வாசலை மிதிப்பதில்லை என்று எழுபத்தாறிலேயே சபதம் போட்டாயிற்று. கடைசியில் ஒரு டாக்சிக்காரர்தான், பத்து பெரிங்கி கடற்கரையில் வெள்ளைக்காரப் பையன்கள் தங்கும் பலகை வீடு ஒன்று இருக்கிறது, ராத்திரிக்கு ஆறு வெள்ளிதான் என்றார். நீல பஸ் பிடித்துப் போனோம்.

தென்னந்தோப்புக்குள் நீளமான வீடு. தகரக் கூரை. முன்பக்கம் வராந்தா, அதை ஒட்டி வரிசையாக ஐந்து அறை, பின்னால் கடல். ஒவ்வொரு கதவுக்கும் வெளிப்பக்கம் ஒரு கொண்டி, அதில் ஒரு பித்தளைப் பூட்டு. உள்ளே தாழ்ப்பாள் இல்லை. சொந்தக்காரர் பீட்டர், ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் ஜெபமாலை, காலில் நீல வார் ரப்பர் சிலிப்பர். இடது வார் அறுந்து செம்புக் கம்பியால் முறுக்கி வைத்திருந்தது.

"சாவி எல்லாம் என்கிட்டதான் அண்ணே. கெஸ்ட்டுக்குக் கொடுத்தா கடல்ல போட்டுட்டு வந்துடுவானுங்க. வாசல்ல சிலிப்பர் இருந்தா உள்ள ஆள் இருக்கு. இல்லன்னா ரூம் காலி, நான் பூட்டிடுவேன். வந்து கேட்டா தொறந்து விடுவேன். சிம்பல் லா."

சொல்லிக்கொண்டே சிரித்தவர், அருந்ததியின் கால்களைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"அக்கா சிலிப்பர் எங்க?"

"நேர்த்தி. நாளைக்குப் பால்குடம்" என்றாள் அவள்.

"ரூம் இல்ல அண்ணே. மன்னிச்சுக்குங்க."

வெள்ளைக்காரப் பையன்கள் எல்லாம் காலையிலேயே ரூமைக் காலி செய்துவிட்டுத் தேர் பார்க்கப் போயிருந்தார்கள். ஒரு வாசலிலும் சிலிப்பர் இல்லை. கடைசி அறைக்கதவு மட்டும் பூட்டில்லாமல் கிடந்தது. வெயிலில் அலைந்த எரிச்சல் எனக்கு. "வெள்ளைக்காரனுக்கு இருக்கிற ரூம் தமிழனுக்கு இல்லியா? சாமி கும்பிடுறவங்கன்னா உனக்கு இளக்காரமா?" என்று தொடங்கி வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். அவருடைய ஜெபமாலையைக்கூட விடவில்லை. மனிதர் உள்ளே போய், பழைய பெண்பிள்ளை சிலிப்பர் ஒரு ஜோடியைக் கொண்டுவந்து கடைசி அறையின் வாசலில் வைத்தார்.

"இது இங்கயே இருக்கட்டும். எடுத்துடாதீங்க அண்ணே. அக்கா, நீங்க போட வேணாம். சும்மா இருக்கட்டும்."

கோபத்தில் ஜெயித்துவிட்ட திருப்தியில் நான் அதை யோசிக்கவில்லை.

அறையில் ஒரு கட்டில், ஒரு ஸ்டூல். பின்பக்க ஜன்னலுக்குக் கம்பி போட்டிருந்தது. அதன் வழியே கடல் தெரிந்தது. துடைத்துவைத்த மாதிரி சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு வாடை. மூலைக்குப் போனால் கட்டிலடியில் இருப்பதுபோலவும், குனிந்தால் கதவருகில் இருப்பதுபோலவும் பட்டது. புளித்துத் திரிந்த பாலின் வாடை.

"யாரோ பாலைக் கொட்டியிருக்காங்க" என்றாள் அருந்ததி. விரதக் களைப்பில் அப்படியே படுத்துக் கண்ணை மூடினாள். குடிக்கத் தண்ணீர் கேட்டாள். பையிலிருந்த போத்தல் காலி. வாழைப்பழமும் தண்ணீரும் வாங்கிவரக் கிளம்பினேன். மணி மூன்று. நான் வெளியே வந்தபோது அந்த ஜோடி சிலிப்பர் வாசலில்தான் இருந்தது. இதை எந்தக் கோவிலிலும் சத்தியம் பண்ணுவேன்.

பஸ் நிற்கும் வளைவில் முகம்மது கனி என்பவரின் தேநீர்க்கடை. தண்ணீர் வாங்கி, ஒரு தேநீரும் குடித்துவிட்டுத் திரும்ப அரைமணி நேரம் ஆகியிருக்கும்.

வாசலில் சிலிப்பர் இல்லை.

கடைசி அறைக்கதவில் பூட்டுத் தொங்கியது.

"பீட்டர்" என்று நான் போட்ட சத்தத்தில் மனிதர் முன்னறையிலிருந்து ஓடிவந்தார். பூட்டைப் பார்த்ததும் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"நான் பூட்டல அண்ணே. மாதா சத்தியமா நான் பூட்டல."

"சிலிப்பர் எங்க?"

அவர் கை நீட்டினார். வீட்டைத் தாண்டி, அலை வந்து தொடும் ஈரமணலில் அந்த ஜோடி கிடந்தது. யாரோ அங்கே நின்று கழற்றிவிட்டுத் தண்ணீருக்குள் நடந்துபோனது மாதிரி, கடலைப் பார்த்து. அங்கிருந்து கடைசி அறைவரை மணலில் வெறுங்கால் தடம் இருந்தது.

எல்லாத் தடமும் வீட்டை நோக்கி வந்தவை.

கதவில் காதை வைத்தேன். பலகை அடுப்புக்கல்லாகச் சுட்டது.

"அருந்ததி?"

"இருக்கேன்" என்றாள் உள்ளிருந்து. அவள் குரல்தான். ஆனால் காய்ந்து, வெடித்து, ஒவ்வொரு எழுத்தும் தொண்டையைக் கீறிக்கொண்டு வந்தது. அரைமணி நேரத்தில் ஒருத்தியின் குரல் அப்படி ஆகாது.

"பயப்படாத. இப்பத் தொறந்துடுறேன்."

"இங்க ஒரு அக்கா இருக்காங்க" என்று கிசுகிசுத்தாள். "என் கையைப் புடிச்சிருக்காங்க. தண்ணி கேக்குறாங்க."

பீட்டர் சாவியைப் போட்டார். நுழைந்தது, திரும்பவில்லை. மறுபடி போட்டார். சாவிக்கொத்து பலகையில் தடதடத்தது. நான் தோளால் இடித்துப் பார்த்தேன். கறையான் அரித்த பழங்கதவு, கொஞ்சமும் அசையவில்லை.

"யாருய்யா உள்ள? சொல்லு."

சொன்னார். வராந்தாவில் சரிந்து உட்கார்ந்துகொண்டே சொன்னார்.

நான்கு வருடம் முன்பு, இதே தைப்பூசத்துக்குக் குணவதி என்று ஒரு பெண் தனியாக வந்து இந்த அறையில் தங்கினாள். அவளும் வெறுங்கால் நேர்த்தி. பால்குடத்துக்கு முதல் நாள் மத்தியானம் படுத்துத் தூங்கியிருக்கிறாள். பீட்டர் தைப்பிங்கில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும் அவசரம். வாசலைப் பார்த்தார், சிலிப்பர் இல்லை. கோவிலுக்குப் போய்விட்டாள் என்று பூட்டிவிட்டுப் போனார். ஊரே தண்ணீர்மலையில் கிடந்தது. தோப்பில் ஒரு ஆளில்லை. அவர் திரும்பி வர ஐந்து நாள் ஆனது.

"தண்ணியில்லாம போயிருந்திச்சு அண்ணே. பால்குடத்துப் பாலைக்கூடக் குடிக்கல. அது சாமிக்குன்னு தொடாம வச்சிருந்திச்சு. பால் அப்படியே திரிஞ்சு கெடந்திச்சு."

"போலீஸ்ல என்ன சொன்ன?"

அவர் முகத்தை மூடிக்கொண்டார். "பூட்டைக் கழட்டிட்டுத்தான் போன் பண்ணேன். கதவு சும்மாதான் சாத்தியிருந்திச்சு, அதுவா விரதத்துலயே கெடந்து போச்சுன்னு சொன்னேன். எல்லாரும் புண்ணியவதின்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போனாங்க."

உள்ளே யாரோ கதவைத் தட்டினார்கள். பலமில்லாத விரலால், மெதுவாக, மூன்று தடவை.

"என்னங்க." அருந்ததியின் குரல் இப்போது மூச்சாக மட்டும் வந்தது. "அவரை வரச் சொல்றாங்க. அவர் வந்தா என்னை விட்டுடுறாங்களாம்."

நான் பீட்டரின் சட்டையைப் பிடித்துத் தூக்கிக் கதவோடு நிறுத்தினேன்.

"அது என்னைக் கொன்னுடும் அண்ணே."

"உள்ள இருக்கிறது என் பெண்டாட்டி" என்றேன். "எனக்காக வெறுங்காலோட வந்தவ. நீ எக்கேடு கெட்டா எனக்கென்ன. தொற."

அவர் சாவியைப் போட்டார். திரும்பவில்லை. நெற்றியைப் பலகையில் வைத்து, சின்னப் பிள்ளைபோல் அழுதார். பிறகு, கடலுக்கே கேட்கும்படி சொன்னார்: "ரூம் காலியில்ல. உள்ள ஆள் இருந்திச்சு. நான்தான் பூட்டினேன்."

பூட்டு கையோடு கழன்று வந்தது.

கதவு திறந்து, அருந்ததி என்மேல் வந்து விழுந்தாள். உதடு வெடித்து ரத்தம் கசிந்தது. நாக்குக் கறுத்திருந்தது. தண்ணீர்ப் போத்தலை அவள் வாயில் வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தேன். பீட்டர் வாசற்படியில் நின்றிருந்தார். யாரும் அவரைப் பிடித்து இழுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்ட பிள்ளை மாதிரி, சிலிப்பரைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு உள்ளே போனார்.

கதவு சாத்திக்கொண்டது.

கொண்டி தானாக விழுந்தது. பூட்டு அவர் கையோடு உள்ளே போயிருந்ததை நான் பார்த்தேன். இப்போது அது கொண்டியில் தொங்கியது.

தட்டும் சத்தம் கேட்டது. இந்தமுறை பலமான கை.

"அண்ணே" என்றார் உள்ளிருந்து. "அண்ணே, தண்ணி."

இப்போது அந்த மீதிப் பாதி. நான் கதவை இடித்திருக்கலாம். கல்லெடுத்துப் பூட்டை உடைத்துப் பார்த்திருக்கலாம். செய்யவில்லை. பயம் என்று சொன்னால் அது பொய். எனக்கு ஆத்திரம். என் மனைவியின் உதட்டு ரத்தம் என் சட்டையில் இருந்தது. கிடந்து சாகட்டும் என்று நினைத்தேன். அவளைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு நடந்தேன்.

வளைவில் கனி கடையைச் சாத்திக்கொண்டிருந்தார். கையில் சோற்றுப் பொட்டலம்.

"பீட்டருக்குத்தான் கொண்டுபோறேன். வீட்டுல இருக்காருல்ல?"

"இல்ல" என்றேன். "பட்டர்வொர்த் போயிட்டாரு."

"ரூம்ல யாருமில்லியா?"

"யாருமில்ல. ரூம் காலி."

அருந்ததி பெஞ்சில் சாய்ந்து அரைமயக்கத்தில் இருந்தாள். அவளுக்குக் கேட்டிருக்காது. கனி நம்பாமல் ஒரு நடை போய் எட்டிப் பார்த்துவிட்டும் வந்தார். "ஆமா, வாசல்ல சிலிப்பர் இல்ல" என்று பொட்டலத்தைப் பிரித்துத் தானே சாப்பிட உட்கார்ந்தார். பீட்டர் கழற்றி வைத்துவிட்டுப் போனதை என் கண்ணால் பார்த்தேனே! ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை.

ராத்திரியைக் கோவில் மண்டபத்தில் கழித்தோம். மறுநாள் அருந்ததி பால்குடம் எடுத்தாள். வெடித்த உதட்டோடு, அத்தனை படியும் ஏறினாள். தண்ணீர்மலை ரோடு நெடுகத் தண்ணீர்ப் பந்தல். கூப்பிட்டுக் கூப்பிட்டு மோரும் தண்ணீரும் கொடுத்தார்கள். என்னால் ஒரு மடக்கு விழுங்க முடியவில்லை. குவளையை வாய்க்குக் கொண்டுபோனால் திரிந்த பால் வாடை அடித்தது.

திரும்பும்போது பெரியில் அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அவரை வெளியே விட்டாச்சா?"

"விட்டாச்சு" என்றேன்.

என் கண்ணையே பார்த்தாள். "அந்த அக்கா ரொம்ப நல்லவங்க" என்றாள். "பொய் சொல்றவங்களைத்தான் அவங்களுக்குப் பிடிக்கல."

அடுத்த வாரம் பத்திரிகையில் ஒரு மூலையில் போட்டிருந்தார்கள். பத்து பெரிங்கியில் தங்கும் விடுதிக்காரர் மரணம். ஐந்து நாள் கழித்துக் கண்டுபிடித்தார்களாம். உடம்பில் நீர் வற்றிச் சாவு. கையில் சாவி இருந்தது. கதவு பூட்டியிருக்கவில்லை, சும்மாதான் சாத்தியிருந்தது என்று எழுதியிருந்தது. அந்தத் தாளை அருந்ததி பார்க்காமல் அடுப்பில் போட்டேன்.

ஒரு வருடம் ஒன்றும் நடக்கவில்லை. இந்தத் தைப்பூசத்துக்கும் அவள் காப்புக் கட்டிக்கொண்டாள். அன்று காலை முன்கதவைத் திறந்தவள் அங்கிருந்தே கூப்பிட்டாள்.

"என்னங்க, யாரு வந்திருக்காங்க? வாசல்ல யாரோட சிலிப்பர் இது?"

போய்ப் பார்த்தேன். நீல வார். இடது பக்கம் செம்புக் கம்பி. நனைந்து, கடல் மணல் ஒட்டியிருந்தது. சிரம்பானில் ஏது கடல்?

"உங்க சிலிப்பரைக் காணோமே" என்றாள் அவள்.

அன்றிலிருந்து புதிதாக நான்கு ஜோடி வாங்கிவிட்டேன். ராத்திரி வாசலில் வைத்தால் விடிகையில் இல்லை. அந்த நீல வார் ஜோடியைக் குப்பையில் போட்டால் மட்டும் திரும்பி வந்துவிடுகிறது. உண்மையை எல்லாம் எழுதிப் பினாங்குப் போலீசுக்கு அனுப்பலாம் என்று இன்று மத்தியானம்தான் உட்கார்ந்தேன். அருந்ததி காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருக்கிறாள். எழுதுகிற அறைக்கதவை விரியத் திறந்து, ஸ்டூலை முட்டுக்கொடுத்து வைத்திருந்தேன்.

பால் புளித்த வாடை வந்ததும் தலையைத் தூக்கிப் பார்த்தேன். ஸ்டூல் சுவரோரம் இருக்கிறது. கதவு சாத்தியிருக்கிறது.

வெளியே கொண்டி விழும் சத்தம் இப்போதுதான் கேட்டது.

இந்த வீட்டில் எந்தக் கதவுக்கும் வெளிப்பக்கம் கொண்டி கிடையாது.