இரவல் பேர்

மண்பொம்மையின் வாய் மூடியிருந்தது.

கோகிலாவுக்கு நன்றாக நினைவிருந்தது. கட்டைவிரலை அழுத்தித்தான் அந்த வாயைச் செய்தாள், அதற்குள் ஒரு கவளம் சோறும் வைத்தாள். சோற்றை எறும்போ மைனாவோ தின்றிருக்கும், போகட்டும். தின்றுவிட்டு வாயையும் மூடிவிட்டுப் போகிற எறும்பு எந்த ஊரில் இருக்கிறது? தோட்டத்து மூலையில் சேற்றைப் பிசைந்து அவள் படுக்க வைத்த பெண்பொம்மை ஒரு முழ நீளம்தான் இருந்தது. இப்போது கொஞ்சம் நீண்டிருக்கிற மாதிரியும் தெரிந்தது. ஈரத்தில் மண் ஊறியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள்.

அவள் புருஷன் பூவரசன் வீட்டில், பங்குனி நடவுக்கு முன்னால் இதைச் செய்யாமல் ஒரு தக்காளி நாற்றுகூட ஊன்ற மாட்டார்கள். வீட்டுப் பெண் தோட்டத்து மண்ணில் ஒரு பெண்பொம்மை செய்து, வயிற்றில் தட்டைப்பயறும் கொள்ளும் பொதித்து, வாயில் சோறு வைத்து, காதோரம் குனிந்து சொல்ல வேண்டும்: "எம்பேர வெச்சுக்க. தண்ணி வந்ததும் குடுத்துரு." பிறகு வாய்க்காலைத் திறப்பார்கள். தண்ணீர் வந்து பொம்மையைக் கரைக்கிற வரைக்கும் செய்தவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, கூப்பிட்டாலும் அவள் குரல் கொடுக்கக் கூடாது. மாமியார் தீர்த்தம்மாள் ஊரையே வாயால் உழுகிறவள். அந்த நேரம் மட்டும் முந்தானையைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கோகிலாவால் சிரிப்பை அடக்க முடியாது. மார்கழியில் மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டதால் இந்த வருஷம் கோகிலாவின் முறை.

எல்லாம் முறைப்படிதான் செய்தாள். தண்ணீரைத்தான் யாரும் யோசிக்கவில்லை. வாய்க்காலை டிராக்டர் விட்டு மூடி, சொட்டுநீர்க் குழாய் போட்டு, அதன்மேல் பிளாஸ்டிக் ஷீட்டும் விரித்தாயிற்று. மோட்டார் ஓடினால் பொம்மையின் தலைமாட்டில் ஒரு சொட்டு விழும், கொஞ்சம் பொறுத்து இன்னொரு சொட்டு. பொம்மையைக் கரைக்க அது போதவில்லை. காயாமல் வைத்திருக்கப் போதுமானதாக இருந்தது.

"ஏங்க, அது இன்னும் கரையலீங்க" என்றாள் பூவரசனிடம்.

"தானா கரையும், வுடு."

"வாயி மூடிக்கிச்சுங்க."

"எங்கம்மா வாயே மூடிருச்சு, இது மூடுனா என்ன?" என்று சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, நாளைக்கு ஓஸ் புடிச்சு அடிச்சு வுடறேன்" என்றான். நாளையும் வந்தது, நடவும் வந்தது, அவன் மறந்துபோனான்.

நடவுக்கு வந்த மாதம்மாள் மத்தியானம் கையைத் துடைத்துக்கொண்டே வீட்டு வாசலுக்கு வந்தாள். இடுப்பில் குழந்தையோடு வெளியே வந்த கோகிலாவைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"நீ மூலையில இல்ல? கோகிலானு கூப்பிட்டன். 'வர்றேங்கா'னு அங்க இருந்து குரல் குடுத்தியே."

"நான் வூட்ட வுட்டே வர்லீங்க்கா."

மாதம்மாள் குழந்தையைக் கொஞ்சக் கையை நீட்டினாள். குழந்தை வீறிட்டு அம்மாவின் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்தது. ஆள் தெரிகிற வயசு; கோகிலாவைத் தவிர யாரிடமும் போகாது, பெற்ற அப்பனிடமே அரை மனசுதான். அந்தப் பிடிவாதத்தில் கோகிலாவுக்கு உள்ளூரப் பெருமை. உலகத்தில் ஒரு ஜீவனுக்காவது அவள்தான் எல்லாம். மாதம்மாள் நீட்டிய கையை இழுத்துக்கொண்டு மூலையைப் பார்த்தாள். பிறகு சோறு கொண்டுவந்த தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு, காலில் இருந்த சேற்றைக்கூடக் கழுவாமல் போய்விட்டாள்.

பூவரசன் உரம் வாங்க மாரண்டஹள்ளிக்குப் போயிருந்தான். பொழுது இறங்கியது. இனி யாருக்காகவும் காத்திருக்கப் பயமாக இருந்தது அவளுக்கு. குழந்தையைத் தூளியில் போட்டு ஆட்டித் தூங்க வைத்து, கதவைச் சாத்தி, குடம் நிறையத் தண்ணீர் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் நடந்தாள். பகலெல்லாம் வெந்த பிளாஸ்டிக் ஷீட்டின் வாடையும் புதுநாற்றின் பச்சை வாடையும் கலந்து வந்தன. ஷீட்டின் ஓரம் காற்றில் எழும்பி எழும்பிப் படபடத்தது. எங்கோ நாய் ஒன்று குரைக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டது. மூலையை நெருங்க நெருங்க வேறொரு வாடை வந்தது. ஈர மண்ணின் வாடை. அதோடு தாய்ப்பாலின் புளித்த வாடையும்.

பொம்மை இல்லை.

பொம்மை கிடந்த இடத்தில் பள்ளம் இருந்தது. ஒரு முழம் இல்லை. ஓர் ஆள் நீளம். தலை, தோள், இடுப்பு, குதிகால், எல்லாம் பதிந்திருந்தன. குனிந்தாள். அவள் உயரம்தான்.

பள்ளத்திலிருந்து ஈரக் காலடிகள் புறப்பட்டு, அவள் வந்த பாதையை விட்டு விலகி, வீட்டின் பின்பக்கம் போயின.

குடம் கைநழுவியது.

வாசலில் வண்டி வந்து நின்றது. பூவரசனின் குரல் கேட்டது. "கோகிலா!"

பதில் சொல்ல அவள் மூச்சை இழுப்பதற்குள் வீட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது. அவளுடைய குரல். அவளுடைய அதே இழுவை.

"வந்துட்டீங்களா? மெதுவாப் பேசுங்க. பாப்பா பால் குடிக்குது."

கத்தினாள். சத்தம் வரவில்லை. கையை வாயில் வைத்துப் பார்த்தாள். உதடுகள் இருந்தன. நடுவில் பிளவு இல்லை. யாரோ கட்டைவிரலால் இழுத்துத் தேய்த்துவிட்ட மாதிரி வழுவழுப்பாக இருந்தது. உள்ளே, நாக்கின்மேல், ஒரு கவளம் பழைய சோறு.

ஓடினாள். செருப்பு எங்கோ போயிற்று. நாற்றுகளை மிதித்துக்கொண்டு ஓடினாள். பின் ஜன்னல் திறந்திருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

டியூப் லைட் வெளிச்சத்தில் ஒருத்தி இவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். கோகிலாவின் பச்சைப் புடவை. அவள் உட்கார்ந்த இடத்தைச் சுற்றிச் சேறு கசிந்துகொண்டிருந்தது. பூவரசன் உர மூட்டையைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, "சோறு போடு கோகிலா, பசிக்குது" என்றான்.

"இதோங்க."

கோகிலா கம்பியைப் பிடித்து உலுக்கினாள். அந்தச் சத்தத்துக்குக் குழந்தை பாலை விட்டுவிட்டுத் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தது. வாயைச் சுற்றிச் சேறு. மோவாயில் வழிந்த சேறு. 'அம்மா இங்கதான் இருக்கேன் சாமி' என்று மனசு கதறியது. குழந்தை அவளையே பார்த்தது. வாயில்லாத அந்த முகத்தைப் பார்த்தது.

வீறிட்டது.

மாதம்மாளைப் பார்த்து அழுத அதே அழுகை. அழுதபடியே திரும்பி, ஈரமண் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"ஒன்னுமில்ல, ஒன்னுமில்ல, அம்மா இருக்கேன்" என்றது கோகிலாவின் குரல். தட்டிக்கொடுக்கும் கை அசைய அசைய, ரவிக்கையைக் கிழித்துக்கொண்டு முதுகெல்லாம் முளைத்திருந்த தட்டைப்பயறுத் தளிர்களும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தன.