அரைச் சுற்று

மழைக்குப் பயந்து உள்ளே ஓடி வந்தவனும், மழையை வேடிக்கை பார்க்க வெளியே வந்தவளும் நூலகத்து வாசலில் மோதிக்கொண்டார்கள். அவள் மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் விழுந்தது. அவன் கையில் வைத்திருந்த சின்னப் பாட்டுப்பெட்டி இன்னொரு பக்கம் விழுந்தது. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் குனிய, மண்டையும் மண்டையும் முட்டிக்கொண்டது தனிக் கதை. நல்ல ஆரம்பம் என்று நான் சொல்ல மாட்டேன்.

அவன் தன் பெட்டியை எடுக்கவில்லை. அவள் கண்ணாடியைத்தான் முதலில் எடுத்தான். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஸ்க்ரூ கழன்றிருக்கிறது என்றான். மன்னிப்புக் கேட்கணும் என்றுகூட அந்த மனுஷனுக்குத் தோன்றவில்லை. சட்டைப் பையிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு ஸ்க்ரூடிரைவர் வெளியே வந்தது... இதையெல்லாம் பையில் போட்டுக்கொண்டு எவன் அலைவான் என்று அவள் குழம்பி முடிப்பதற்குள் கண்ணாடி அவள் மூக்கின் மேல் ஏறிவிட்டது. மங்கலாகத் தெரிந்த உலகம் தெளிந்தபோது, முதலில் தெரிந்தது அவன் கண்கள். இமை நுனியில் மழைத்துளி தொங்கிக்கொண்டிருந்தது. அவன் பார்ப்பது தன்னையா, ஃபிரேமையா... அவளுக்குப் புரியவேயில்லை.

இரண்டு தெரு தள்ளி இருக்கிற கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவனாம் அவன். அவள் அந்த நூலகத்தின் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவள். அங்கே இருக்கிற பத்து கம்ப்யூட்டரிலும் லினக்ஸ் இயங்குதளம் போட்டது அவள்தான். பத்தையும் பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்வாள். யாராவது குறை சொன்னால் முகம் சிவந்துவிடும்.

அவன் வந்த காரியம் இதுதான். பழைய பாட்டுப்பெட்டி, உள்ளங்கையில் அடங்குகிற எம்பி3 பிளேயர். இயர்போன் மாட்டுகிற ஓட்டை உடைந்துபோய் ஆறு மாசம் ஆகிறது, சத்தமே வராது. உள்ளே இருப்பதைக் கம்ப்யூட்டரில் எடுத்துக் கொடுக்க முடியுமா? கடைக் கம்ப்யூட்டர் கண் பார்க்கிற மெஷினோடு சேர்ந்தது, அதில் எதையாவது சொருகினால் முதலாளி தோலை உரித்துவிடுவாராம்.

இவ்வளவுதானே என்று வாங்கிச் சொருகினாள். அஞ்சு நிமிஷ வேலை என்று வாய்விட்டும் சொல்லிவிட்டாள். அங்கேதான் வம்பு ஆரம்பம்.

பெட்டியைச் சொருகியதும் திரையில் அதற்கான சின்னப் படம் வந்து உட்கார வேண்டும். உட்காரவில்லை. கேபிளை மாற்றினாள். வேறு ஓட்டையில் சொருகினாள். பென்டிரைவைச் சொருகினால் உடனே திறக்கிற கம்ப்யூட்டர், இந்தப் பெட்டியைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டது. கம்ப்யூட்டர் தன் நடப்பைக் குறித்துவைக்கிற லாகைத் திறந்து பார்த்தாள். புதிதாக ஒன்று வந்திருக்கிறது என்று ஒரு வரி. போய்விட்டது என்று அடுத்த வரி. வருகிறது... போகிறது... வந்தது ஏன் போகிறது? பெட்டியை விட்டுவிட்டுப் போங்கள், நாளைக்கு வாங்கள் என்றாள்.

மறுநாள் அவன் வந்தான். பெட்டி திறக்கவில்லை. அவன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவள் தட்டுகிற கட்டளைகளை வாய் பிளந்து பார்த்தான். குனிந்து தட்டும்போதெல்லாம் கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கியது. நேற்றுத்தானே சரி பண்ணினார், இது என்ன கண்ணாடிக்காரரின் லட்சணம் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே மேலே தள்ளினாள். உள்ளே என்ன அப்படிப் பொக்கிஷம், பாட்டுத்தானே என்று கேட்டும் வைத்தாள்.

அவன் மேஜை மேலிருந்த பெட்டியை ஒரு தடவை தடவினான். அப்புறம் சொன்னான்.

"எங்கம்மா குரல். நான் லென்ஸ் வேலை கத்துக்க வெளியூர் போனப்போ, தினம் ஒண்ணு கேட்டுக்கோன்னு பதிவு பண்ணி இதுல போட்டுக் கொடுத்தாங்க. சாப்பிடு, தூங்கு, திட்டு... எல்லாம் இருக்கு. ரெண்டு மாசம் முன்னாடி தொண்டைல ஆபரேஷன். குரல்நாணை எடுத்துட்டாங்க. இப்போ சிலேட்டுல எழுதித்தான் பேசறாங்க. போன வாரம் எழுதினாங்க... நான் எப்படிப் பேசுவேன்னு எனக்கே மறந்துபோச்சுடான்னு."

அவள் மறுபடி கேபிளைச் சொருகினாள். இதை எப்படியாவது திறந்தே தீரணும் என்று நினைத்தாள். இவ்வளவு மெதுவாகப் பேசுகிற ஒருத்தனை இதுவரை பார்த்ததில்லை என்றும் கூடவே நினைத்தாள். இரண்டில் எது முன்னால் வந்தது என்று அவளுக்கே தெரியாது.

மூன்றாம் நாள். பத்து கம்ப்யூட்டரிலும் சொருகிப் பார்த்தாயிற்று. பத்திலும் அதே கதை. வருகிறது, போகிறது. ராத்தூக்கமில்லாத கண்ணும், வழுக்குகிற கண்ணாடியுமாக அவள் உட்கார்ந்திருந்தபோது, அவன் தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டான். ஒருவேளை... கோளாறு பெட்டியில் இல்லாமல் உங்கள் கம்ப்யூட்டரில் இருக்குமோ?

போயும் போயும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டாம். பத்து மெஷினிலும் ஒரே மாதிரி வருகிறது என்றால் தப்பு யார் மேல் என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லும் என்றாள். கண்ணாடியில் ஒரு ஸ்க்ரூவை ஒழுங்காக முடுக்கத் தெரியாதவர் லினக்ஸைப் பற்றிப் பேச வந்துவிட்டார் என்றும் சொன்னாள். அவன் முகம் சட்டென்று சிவந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தான், சொல்லவில்லை. மூலையில் இருக்கிற செல்போன் கடைக்காரர் ஒரே நாளில் சரி பண்ணித் தருவதாகச் சொல்கிறார் என்று மட்டும் முணுமுணுத்தான்.

"அப்போ அவர்கிட்டயே போங்க சார்."

பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். வாசலில் மழை அப்படியே இருந்தது. ஜன்னல் வழியாக அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். எதுக்குடி அப்படிப் பேசினே... கோபம் யார் மேல்? பெட்டி மேலா, அவன் மேலா, தன் மேலா? எல்லாமே குழப்பமாக இருந்தது.

தலைமை நூலகர் அம்மாளுக்கு அங்கே 'உஷ் மேடம்' என்று பெயர். வாயில் விரல் வைத்து உஷ் என்பதைத் தவிர அவர் அதிகம் பேசி யாரும் கேட்டதில்லை. அன்றைக்கு மாலை அவராகவே மேஜை பக்கம் வந்து, அந்தப் பையன் ஏன் வாடிய முகத்தோடு போகிறான் என்று விசாரித்தார். அவள் பெட்டியைப் பற்றிச் சொன்னாள். உஷ் மேடம் புருவத்தைத் தூக்கினார்.

"போன வருஷம் யாரோ வாசிக்கிற கூடத்துல பாட்டை அலறவிட்டான்னு, எந்தப் பாட்டுப்பெட்டியும் இங்க திறக்கக் கூடாதுன்னு ஏதோ பூட்டுப் போட்டியே... அதை எடுத்துட்டியாம்மா?"

பூட்டா... எடுத்ததாக ஞாபகமே இல்லை.

விழுந்தடித்து அந்தப் பூட்டு இருக்கிற ஃபைலைத் திறந்தாள். இருந்தது. அவள் கையால் எழுதிய ஒற்றை வரி. பாட்டுப்பெட்டி எதுவாக இருந்தாலும் வந்ததும் துரத்திவிடு. மேலே ஒரு குறிப்பு வேறு: 'பாட்டுக் கேட்க வேறு இடம் பாருங்கள்.' அந்தக் கோபத்தில் எழுதி, பத்து கம்ப்யூட்டருக்கும் ஒரே மூச்சில் நகல் எடுத்துப் போட்டுவிட்டு, ஒரு வருஷத்தில் சுத்தமாக மறந்தும் போயிருக்கிறாள். பத்திலும் தேடினாளே... பத்திலும் அவளேதான் வாசலில் நின்று விரட்டியிருக்கிறாள்.

அடுத்து மூலைக் கடை ஞாபகம் வந்தது. மூலைக் கடைக்காரருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் ஃபார்மட். எது வந்தாலும் உள்ளே இருப்பதைத் துடைத்துவிட்டுக் கொடுப்பார். துடைத்தால் அந்த அம்மாவின் குரல்... இந்த உலகத்தில் வேறெங்கும் இல்லை.

குடைகூட எடுக்காமல் ஓடினாள். செல்போன் கடையில், வந்தார், கேட்டார், போய்விட்டார் என்றார்கள். துடைத்தாயிற்றா இல்லையா என்று கேட்பதற்குள் கடைக்காரர் போனில் பேசப் போய்விட்டார். அங்கிருந்து கண்ணாடிக் கடைக்கு ஓடினாள். தொப்பலாக நனைந்து, ஒரு கையால் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, அவன் லென்ஸ் தேய்க்கிற மேஜை முன்னால் போய் நின்றாள். மேஜை மேல் பெட்டி இருந்தது.

"தப்பு என் மேல. உங்க பெட்டி நல்லாத்தான் இருக்கு. நான்தான் பூட்டுப் போட்டு வச்சிருந்தேன், மறந்துட்டேன். துடைச்சுட்டாங்களா?"

அவன் மெஷினை நிறுத்தினான்.

"துடைச்சுக் கொடுக்கறேன்னார். கண்ணாடியத் துடைச்சா நல்லாத் தெரியுமில்ல, அதுமாதிரின்னு நினைச்சுக் கைல கொடுத்துட்டேன். அப்புறம் என்னமோ தோணிச்சு... உள்ள இருக்கற குரல் என்ன ஆகும்னு கேட்டேன். அது போயிடும்னார். பிடுங்கிட்டு வந்துட்டேன்."

அவள் அங்கேயே, வாடிக்கையாளர் உட்காருகிற ஸ்டூலில், உட்கார்ந்து அழுதுவிட்டாள். மழைத்தண்ணி என்று அவன் நினைத்துக்கொள்ளட்டும் என்றிருந்தாள். கண் விஷயத்தில் அவனை ஏமாற்ற முடியுமா? லென்ஸ் துடைக்கிற துணியை எடுத்து நீட்டினான்.

இரண்டு பேரும் திரும்பி வந்தபோது நூலகம் மூட அரை மணி நேரம் இருந்தது. அந்த ஒற்றை வரியை அழித்தாள், பெட்டியைச் சொருகினாள். வந்தது... போகவில்லை. திரையில் சமர்த்தாக உட்கார்ந்தது. நாற்பத்தொரு பதிவுகள். அவசரத்தில் இயர்போன் மாட்ட மறந்து முதல் பதிவைத் தட்டிவிட்டாள். அமைதியான கூடம் முழுக்க ஒரு அம்மாவின் குரல் கணீரென்று கேட்டது.

"டேய், ஈரத் துண்டை மெத்தை மேல போடாதேன்னு எத்தனை தடவைடா சொல்றது?"

படித்துக்கொண்டிருந்த எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. உஷ் மேடத்தின் விரல் உதட்டுக்குப் போனது. அவன் முகத்தைப் பார்த்தார். விரல் இறங்கிவிட்டது.

அடுத்த நாள் காலையில் அவன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். கழுத்தில் துணி சுற்றியிருந்த அந்த அம்மா இயர்போனை மாட்டிக்கொண்டு ஒன்பது பதிவுகள் கேட்டார். சத்தமில்லாமல் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். மடியிலிருந்த சிலேட்டில், 'இவ்வளவு கத்துவேனா நான்?' என்று எழுதிக் காட்டினார். அழித்துவிட்டு, மகனுக்குத் தெரியாமல் திருப்பிவைத்து, நீளமாக இன்னொன்று எழுதி அவளிடம் நீட்டினார்.

'வீட்டுல நாலு நாளா உன் பேச்சுத்தான். இங்க வந்தா வாயே திறக்க மாட்டேங்கறான். பேசாதவ வீட்டுக்கு ஒருத்தி போதும்.'

அவள் படித்தாள். கன்னம் சூடானது. குனிந்ததில் கண்ணாடி வழுக்கி மேஜை மேலேயே விழுந்தது.

அவன் அதை எடுத்தான். மாட்டிவிடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"தப்பு என் மேலயும் இருக்கு. நீங்க அன்னைக்குத் திட்டினது சரிதான். ஸ்க்ரூவை நான் முழுசா முடுக்கல. அரைச் சுத்து வேணும்னே விட்டேன். கழண்டா நம்ம கடைக்குத்தானே வருவீங்கன்னு... இந்தத் தொழில்ல பன்னெண்டு வருஷத்துல இப்படி ஒரு வேலைய நான் செஞ்சதே இல்ல. உங்களைப் பார்த்த அந்த நிமிஷமே பிடிச்சுப்போச்சு. வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

நாலு நாளாகக் கண்ணாடியைத் தள்ளித் தள்ளி அலைந்தவள் அவள். கோபம் வந்திருக்க வேண்டும். மூன்று நாள் வாசலை மறித்துக்கொண்டு நின்றவளும் அவள்தான் என்பது ஞாபகம் வந்தது. எதிரில் அவன் முகம் மங்கலாகத்தான் தெரிந்தது. ஆனால் அத்தனை நாள் குழப்பத்துக்கும் பதில் தெளிவாகத் தெரிந்தது.

"இப்போ முடுக்குங்க. முழுசா. கண்ணாடி கழண்டாத்தான் உங்ககிட்ட வரணுமா? எனக்கும் உங்களப் பிடிச்சிருக்கு... நான் சும்மாவே வருவேன்."

அவன் ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். ஒரு நாளைக்கு நூறு ஸ்க்ரூ முடுக்குகிற கை அது. அந்த அரைச் சுற்றுக்கு அஞ்சு நிமிஷம் ஆயிற்று.