தேவகிக்குப் போட்ட இலை

மகாளய அமாவாசை அன்று மத்தியானம் படையலறைக் கதவைத் திறந்தபோது, உள்ளே இலை மூடியிருந்தது.

பூர்ணிமா நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். ஒவ்வொரு வருஷமும் அக்கா தேவகியின் படத்துக்கு முன்னால் சோறும் வடையும் பாயசமும் படைத்து, கற்பூரம் காட்டி, கதவைச் சாத்திவிட்டு வெளியே உட்காருவார்கள். செத்தவர்கள் வந்து சாப்பிடும் நேரம் அது. பிறகு, உள்ளே இருப்பவர் எழுந்து போகட்டும் என்று மூன்று முறை தட்டிவிட்டுத் திறப்பார்கள். சில வருஷம் சோற்றின் இடது பக்கம் விரல் பட்ட பள்ளம் இருந்ததுண்டு. எலியாக இருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொள்வாள். எந்த எலியும் இலையை வழித்துச் சாப்பிட்டு மூடிவைத்துவிட்டுப் போகாது.

"உங்கக்காவுக்கு இந்த வாட்டி பசி ஜாஸ்தி போல," என்று செல்வகுமார் கைகூப்பினான். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் மனிதன்; மனைவி சொன்ன எதையும் சந்தேகப்பட்டதில்லை.

பூர்ணிமாவுக்குத்தான் உண்மை தெரியும். தேவகி சாகவில்லை. கன்னியாஸ்திரீ ஆகப் போனாள், அவ்வளவுதான். கல்யாணம் பேசும்போது செல்வகுமார் மூத்தவளைப் பற்றிக் கேட்டான். மதம் மாறிப் போனவள் என்று சொன்னால் சம்பந்தம் நின்றுவிடும் என்று பயந்து, காய்ச்சலில் போய்விட்டாள் என்று பூர்ணிமாதான் சொன்னாள். இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. பத்தொன்பது வயதில் பச்சைக் கண்ணாடி வளையலோடு அக்கா எடுத்துக்கொண்ட படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டதும், படையல் வேண்டும் என்றதும் அவன்தான். அவனுடைய அந்த நல்ல மனசுதான் பூர்ணிமாவை உள்ளுக்குள் கொன்றது.

இலை மூடியிருந்ததைப் பார்த்த அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை. அக்கா நிஜமாகவே செத்துவிட்டாளோ? அப்படியானால் தான் சொன்னது பொய்யில்லை என்று ஒரு நொடி நிம்மதி வந்தது. அப்படி நிம்மதிப்பட்டதற்காகக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கவே அவள் வெட்கப்பட்டாள்.

பக்கத்து வீட்டு பிரிசில்லா சர்ச்சில் விசாரித்துச் சொன்னாள். அமிர்தி ரோட்டில் ஒரு முதியோர் இல்லம். பூர்ணிமா அங்கே போனபோது, வெள்ளைப் புடவை கட்டிய ஒருத்தி, படுக்கையில் கிடந்த கிழவிக்கு இடது கையால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். மணிக்கட்டில் வளையல் இல்லை. தலைமுடி பாதி நரைத்திருந்தது. தேவகிதான்.

பூர்ணிமா அவள் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். தேவகி கோபப்படவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நான் வரவே இல்லையேடி. இத்தனை வருஷமா யாருக்குச் சோறு போட்டே?"

அவளே பிறகு, வீட்டுக்காரரிடம் உண்மையைச் சொல்லிவிடலாம், நானும் கூட வருகிறேன் என்று கிளம்பினாள். பஸ்ஸில் வழியெல்லாம் தங்கையின் கையைப் பிடித்திருந்தாள். ஆம்பூரில் இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. தோல் பதனிடும் ஷாப் நாற்றம் தெருவுக்குள் வந்திருந்தது. வீட்டுக்குள் வேறு வாசனை. கற்பூரம். அமாவாசை முடிந்து பத்து நாளாகியும், இப்போதுதான் ஏற்றி அணைத்தது மாதிரி.

ஷிஃப்ட் முடிந்து வந்திருந்த செல்வகுமார் எழுந்து நின்றான்.

"யாரு பூர்ணிமா?"

சொல்லவேண்டிய வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. எங்க அக்கா. இரண்டே சொல். அவன் முகத்தைப் பார்த்தாள். இருபத்திரண்டு மாலைகள் வாங்கி வந்த முகம்.

"தெரிஞ்ச சிஸ்டர்ங்க. ஜெபம் பண்ண வந்திருக்காங்க."

தேவகியின் கை அவள் கையிலிருந்து மெல்ல விலகியது.

அப்போது படையலறைக் கதவு தட்டப்பட்டது. உள்ளிருந்து.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

வெளியே போட்டிருந்த தாழ்ப்பாள் நகர்ந்தது. யாரும் அதைத் தொடவில்லை. கதவிடுக்கில் ஓர் இடது கை வந்தது. விரல்களில் சோற்றுப் பருக்கை. மணிக்கட்டில் பச்சைக் கண்ணாடி வளையல்.

தேவகியின் குரல்தான். பத்தொன்பது வயதுத் தேவகியின் குரல்.

"யாரு பூர்ணி வந்திருக்கா?"