என்டர் தட்டாத வரி

காலையில் ஜெசிந்தா அடுப்பில் பால் வைத்ததும் சுவரிலிருந்து கிளாட்வின் கேட்பான்: "ஜெசி, சாப்ட்டியா?" அவள் கணவன் கிளாட்வின் ஆழ்கடல் சுரங்கத் தளத்தில் செத்து நாலு வருஷம் ஆகப்போகிறது. "இன்னும் இல்லங்க" என்று பதில் சொல்லிவிட்டு அவள் இட்லித் தட்டைக் கழுவுவாள். தூத்துக்குடியில் எல்லா வீட்டிலும் இதே கதைதான். பக்கத்து வீட்டில் செத்துப்போன மாமியார் அந்நேரத்துக்கே மருமகளை வைய ஆரம்பித்திருப்பாள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இந்தக் காலத்தில் செத்தவர் வாயை மூடவும் இல்லை.

ஒருவர் வாழ்நாளில் தட்டச்சு செய்ததையெல்லாம் ஒரே கோப்பாக்கி முழுநினைவுப் பொறிக்குக் கொடுப்பது வழக்கம். ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் முழுங்கி. கோப்பை ஒரே வாயில் விழுங்கிவிட்டு, வீட்டுச் சுவரில் பதித்த விளக்குப் பெட்டி வழியாக, அவர் விட்ட இடத்திலிருந்து அவர் குரலிலேயே பேச்சைத் தொடரும். ஆனால் விட்ட இடம் என்று ஒன்று இருக்க வேண்டும். கடைசி வரியின் முடிவில் என்டர் தட்டியிருந்தால் அந்த மனிதர் சொல்லி முடித்துவிட்டார் என்பது சட்டம்; முழுங்கி தொடாது. அதனால் பெரியவர்கள் பிள்ளைகளை "ஒன் வரி தொறந்தே இருக்கட்டும்" என்று வாழ்த்தினார்கள்.

எது செத்தவர் எழுதியது, எது முழுங்கி சேர்த்தது என்று சந்தேகம் வந்தால் போவதற்கு ஒரே இடம், துறைமுகச் சாலையில் ஜெசிந்தா வேலை பார்த்த வரிவாசிப்பு நிலையம். அங்கே ஒரு பழைய கணினி இருந்தது. கோப்பைத் திறக்கும். ஒரு வரியை எடுக்கும், திரையில் காட்டும், மறந்துவிட்டு அடுத்த வரிக்குப் போகும். அடுத்து என்ன வரும் என்று அதற்குத் தெரியாது, இட்டுக்கட்டவும் தெரியாது. அந்த அசட்டுத்தனத்துக்காகவே கோர்ட் அதை நம்பியது.

கிளாட்வின் கோப்பை அவள் அங்கே கொண்டுபோனதே இல்லை. மகள் ஷைனி வாசலில் உட்காராமல் இருந்திருந்தால் கொண்டுபோயிருக்கவும் மாட்டாள்.

ஷைனி வயிற்றில் இருந்தபோது செத்தவன் கிளாட்வின். அப்பா என்றால் அவளுக்குச் சுவர்தான். டிசம்பர் பிறந்ததும் புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா கிறிஸ்துமஸுக்கு வாராங்களாம்."

"ஆமா கண்ணு, வந்துருவேன்" என்றது சுவர்.

ஜெசிந்தா அடுக்களையிலிருந்து வந்தாள். "பச்சப்புள்ளைகிட்ட ஏங்க இப்படிச் சொல்லுதீங்க?"

"அதத்தான கடைசியா எழுதுனேன் ஜெசி? வந்துருவேன்னு."

எழுதினானா? அது ஒன்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். அவனே எழுதியிருந்தால், பாவம், ஆசையில் எழுதினான் என்று பொறுத்துக்கொள்ளலாம். பொறி சேர்த்த வார்த்தைக்காகப் பிள்ளை வாசலில் காத்துக்கிடப்பதை எப்படிப் பொறுப்பது?

கிளாட்வினின் அக்கா ரொசாலியையும் கூட்டிக்கொண்டு அவள் நிலையத்துக்குப் போனாள். திரையில் வரிகள் ஒவ்வொன்றாக வந்து போயின. மீன் குழம்பில் உப்புக் கூடிவிட்டது. தொட்டிலுக்கு நல்ல மரம் பார்க்க வேண்டும். பம்ப் சத்தம் சரியில்லை. அதோடு திரை 'வரிகள் முடிந்தன' என்று சொல்லி நின்றது.

வந்துருவேன் என்று எங்குமே இல்லை.

"இன்னொரு வரி இருக்கு மதினி" என்றாள் ஜெசிந்தா. அது அவள் தொழில், தெரியாதா? முழுங்கி பேசுகிறதென்றால் முடியாத வரி ஒன்று இருந்தாக வேண்டும். என்டரில் முடிந்தால்தான் பழைய கணினிக்கு அது ஒரு வரி. படியில் ஒற்றைக் காலை வைத்து நிற்பவனுக்குச் சீட்டுக் கிழிக்காத கண்டக்டர் மாதிரி, முடியாததை அது கண்டுகொள்ளாது. அந்த வரியைப் பார்க்க ஒரே வழிதான் உண்டு. கிளாட்வினுக்குப் பதிலாக யாராவது என்டர் தட்ட வேண்டும். நகலில் தட்டிப் பார்க்கவும் முடியாது. ஒருவருக்கு ஒரே கோப்புதான் என்று சட்டம்.

ரொசாலி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏளா, தட்டுனா அவன் பேச்சு நின்னுரும்லா?"

"தெரியும் மதினி."

"எந்தம்பிய ரெண்டாந் தடவ சாவடிக்கப் போறியா? ஒடம்புகூடக் கெடைக்கல. அந்தக் குரலாவது கெடக்கட்டுமே ஜெசி."

"குரல் அவருதுதான். பேசுறது அவருதானான்னு தெரியலயே. நாளைக்கும் ஷைனி வாசல்ல உக்காருவா மதினி."

ரொசாலியின் பிடி தளர்ந்தது. ஜெசிந்தா தட்டினாள்.

'ஜெசி, தண்ணி முழங்காலுக்கு வந்துட்டு. நான் போயிட்டா என்ன முழுங்கிகிட்ட குடுத்துராத. நம்ம புள்ள'

அவ்வளவுதான். ரொசாலி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். ஜெசிந்தா திரையைத் தொட்டபடி அழுதாள். அவன் கேட்டது ஒன்றே ஒன்று. அதைக் கேட்டு முடிக்கத் தண்ணீர் விடவில்லை; முடிக்காததாலேயே முழுங்கி அவனைப் பிடித்துக்கொண்டது.

"வேண்டாம்னு சொன்ன மனுசன இத்தன வருசமா பேச வச்சிட்டேனே மதினி. தெனம் காலைல பதில் வேற சொன்னேனே" என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது சுவரின் விளக்கு அணைந்திருந்தது. ஷைனி செருப்போடு வாசலில் இருந்தாள்.

"அப்பா இனிமே பேச மாட்டாங்க கண்ணு. வரவும் மாட்டாங்க."

பிள்ளை அழவில்லை. சுவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். அப்பாடா என்றிருந்தது ஜெசிந்தாவுக்கு. இத்தனை அமைதியில் அந்த வீட்டில் அவள் இருந்ததே இல்லை. அடுக்களைக்குப் போய்ப் பால் வைத்தாள்.

"ஜெசி, சாப்ட்டியா?"

அதே இழுப்பு, பெயருக்குப் பின்னால் அதே சின்ன நிறுத்தம். அவள் கூடத்துக்கு ஓடிவந்தாள். சுவரின் விளக்கு எரியவில்லை. அதன் அடியில் ஷைனி முகத்தை நிமிர்த்தி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"வந்துருவேன் ஜெசி" என்றாள் பிள்ளை.