திருப்பத்துக்குப் பிறகு பிறந்தவர்கள்

அம்மா இரண்டு கோப்பைகளில் மட்டும்தான் தேநீர் ஊற்றினாள்.

ஹாத்திம் பார்த்துக்கொண்டே இருந்தான். மூன்றாவது கோப்பை அலமாரியிலேயே கவிழ்ந்து கிடந்தது. உள்ளறையிலிருந்து முக்காட்டைச் சுற்றிக்கொண்டே வந்த ரிஹாப் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"எனக்கில்லையா? நான் என்ன இந்த வீட்டுக்கு விருந்தாளியா?"

அம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். ஒரு கணம், மாடிப்படியில் எதிர்ப்படும் அந்நியப் பெண்ணைப் பார்ப்பது போல. பிறகு சிரித்துவிட்டாள். "இந்தக் காத்து என் மூளையையே வறட்டிடுச்சுடி."

கெய்ரோவில் நேற்றிலிருந்து கம்சீன் என்னும் மணற்காற்று. பிற்பகல் மூன்று மணிக்கே வெளிச்சம் மஞ்சளாகக் கலங்கியிருந்தது. ஐந்தாம் மாடியின் ஜன்னல் இடுக்குகளில் அம்மா ஈரத்துணி திணித்திருந்தும், பாலைவனத்து மணல் மாவுபோல் சலித்து உள்ளே இறங்கி, மேசையிலும் தலையணையிலும் பல்லிடுக்கிலும் படிந்துகொண்டே இருந்தது.

"ரொட்டி வாங்கிட்டு வர்றேன்" என்றாள் ரிஹாப். "டேய், அந்தப் போனை வச்சுட்டுத் தேநீரைக் குடி. நாலு நாளா யாரோ செத்துப்போன ராஜாக்களோட பேசிட்டிருக்க."

கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

ஹாத்திம் அந்தக் குழுவில் சேர்ந்து நாலு நாள்தான் ஆகிறது. எந்தப் போரில் யார் தோற்றிருந்தால், எந்த சுல்தானின் காய்ச்சல் குணமாகியிருந்தால் உலகம் எப்படி மாறியிருக்கும் என்று இரவும் பகலும் எழுதுகிறவர்களின் இணையக் குழு. புதிதாக வருகிறவர் முதலில் தன் சொந்த வீட்டின் ஒரு நாளை மாற்றி எழுதிக் காட்ட வேண்டும்; மாறுகிற அந்த நாள்தான் 'திருப்பம்'. அது அங்கே வழக்கம்.

அவன் போனிடம் பேசியே எழுதினான். 2007இல் தோஹாவிலிருந்து அப்பாவுக்கு வேலைக் கடிதம் வந்தது. நிஜத்தில் அப்பா அதைக் கிழித்துப் போட்டார். கதையில் கிழிக்கவில்லை. கதையில் சூடான் போர் வெறும் தொலைக்காட்சிச் செய்தி. அவர்கள் விட்டு ஓடிவந்த உம்துர்மானில் குண்டு விழும்போது அப்பா அங்கே இல்லை. இடுகாட்டுக்குப் போக வழியில்லாமல், வீட்டு முற்றத்து வேப்பமரத்தடியில், பக்கத்து வீட்டு மண்வெட்டியை வாங்கி அப்பாவுக்கு ஹாத்திம் குழி தோண்டவும் இல்லை. தோஹா வீட்டு மேசையில் நாலு பேர் சாப்பிடுகிறார்கள்.

குழுவை நடத்துகிறவர் தன்னை 'நாட்காட்டி' என்று அழைத்துக்கொள்வார். அவர் உடனே எழுதினார்: "அருமை தம்பி. ஆனா மூணாவது விதியப் படிக்கலையா? திருப்பத்துக்குப் பிறகு பிறந்தவங்க கதையில இருக்கக் கூடாது. ஒரு நாள் மாறினா அப்புறம் எந்தக் கருவும் அதே கருவாத் தங்காது. உன் தங்கச்சி பொறந்தது 2009. எடுத்துடு."

"அவ இல்லாம எங்க வீடே இல்லை."

"புது ஆளுக்கு விதிய விடத் தங்கச்சிதான் முக்கியமாம்" என்று ஒருவர் சிரித்தார்.

"அப்போ அப்பாவும் இல்லை" என்று எழுதினார் நாட்காட்டி. "ரெண்டுல ஒண்ணு."

வெறும் கதைதானே. இன்று காலை அவள் பெயர் வந்த மூன்று வரிகளை ஹாத்திம் அழித்தான். 'ஏற்கப்பட்டது, வருக' என்று பதில் வந்தது.

இப்போது அவன் எழுந்து குளியலறைக்குப் போனான். குவளையில் இரண்டு பல் துலக்கிகள். கொடியில் அவளுடைய பள்ளிச் சட்டை இல்லை. இரண்டு கவ்விகள் மட்டும் காற்றில் ஒன்றையொன்று தட்டிக்கொண்டிருந்தன. டிக். டிக். உள்ளறையில் அவள் கட்டில் இருந்த இடத்தில் மணல் ஒரே சீராகப் படிந்திருந்தது. கட்டில் கால்களின் தடம்கூட இல்லை.

போனை வாயருகே பிடித்தான். "கதைய மாத்தணும். ரிஹாபைத் திரும்பச் சேர்க்கணும்."

திரையில் எழுத்துகள் வந்தன. கதைய மாத்தணும். திரும்பச் சேர்க்கணும்.

நடுவில் ஒன்றுமில்லை.

"ரிஹாப்" என்றான். "ரிஹாப். ரிஹாப்!"

வெறும் திரை.

அவன் எழுதியது எப்படியோ போய்ச் சேர்ந்திருந்தது. நாட்காட்டியின் பதில் வந்தது: "யாரைச் சேர்க்கணும் தம்பி? குடும்பம் முழுசா இருக்கே."

அப்போதுதான் அந்த மணம். இஞ்சி தட்டிப் போட்ட காபி. அப்பா போனதிலிருந்து இந்த வீட்டில் யாரும் போடாத காபி. அதற்கு அடியில் வேறொரு மணம், நனைந்த மண்ணுடையது. கெய்ரோவில் மழை பெய்து மாதக்கணக்காகிறது.

அழைப்பு மணி.

"டேய் ஹாத்திம்! கதவைத் தொறடா. வாயெல்லாம் மண்ணு. ரொட்டி ஆறிப்போகுது."

ஓடிப்போய்த் தாழ்ப்பாளில் கைவைத்தான்.

"யாருடா அந்தப் பொண்ணு?" அம்மாவின் குரல் சமையலறையிலிருந்து வந்தது. பல வருடங்களாகக் கேட்காத சந்தோஷம் அதில். "வீடு மாறி வந்திருப்பா. தொறக்காத கண்ணு."

கையிலிருந்த போன் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மா சொன்னதைத் திரை எழுதியது. பிறகு அறையில் யாரும் பேசவில்லை. காற்று மட்டும். திரை மேலும் ஒரு வரி எழுதியது.

அவ பேரைச் சொல்லு. தொறக்கறேன்.

ஹாத்திம் வாயைத் திறந்தான்.

பெயர்.

நாக்கின் மேல் மணல்தான் இருந்தது.

"விளையாடாதடா! அம்மாகிட்ட சொல்லிடுவேன்." வெளியே ஒரு பெண் கதவைத் தட்டினாள். யாரோ ஒரு பெண்.

அம்மா தட்டுடன் வந்தாள். மூன்று கோப்பைகள். அவள் பார்வை அவனைத் தாண்டி, அவன் தோளுக்கு மேலே நின்றது. சிரித்தாள்.

உள்ளறையிலிருந்து கதவு வரை தரையில் ஈரக் காலடிகள். வந்த தடம் மட்டும், திரும்பிப் போன தடம் இல்லை. கடைசித் தடம் அவன் குதிகாலை ஒட்டி முடிந்திருந்தது.

தாழ்ப்பாளில் இருந்த அவன் கைமேல் இன்னொரு கை வந்து அமர்ந்தது. கனமாக. குளிர்ச்சியாக. நகக்கண்கள் நிறைய, அவன் தோண்டிய வேப்பமரத்தடி மண்.

வெளியே தட்டுவது மெலிந்தது.

"அம்மா?" என்றது வெளியே அந்தக் குரல்.

அந்தக் கை தாழ்ப்பாளை மெதுவாக இன்னும் உள்ளே தள்ளியது.