அடித்தகட்டுக்குக் கீழே

டீசல் துறையில் படகைக் கட்டும்போது மத்தியானம் தாண்டியிருந்தது. துறை என்று சொல்ல அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. ஆறு கடலோடு சேரும் இடத்தில் சில மரத்தூண்கள், அவற்றின்மேல் ஆடும் பலகை, துருப்பிடித்த டீசல் தொட்டி. தொட்டியின் நிழலில் ஒரு நாற்காலி, நாற்காலியில் ஒரு ஆள்.

படகில் இருந்தது புருஷனும் பெண்டாட்டியும். இரண்டு பேருமே கப்பல் பட்டறையில் உடம்பைத் தேய்த்தவர்கள். அவன் மெக்கானிக். அவள் கப்பலின் அடிவயிற்றுக்குக் கீழே மல்லாந்து படுத்துத் துரு சுரண்டியவள். அவளை அவன் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவான். பட்டறையில் யாரும் ஆக்கவில்லை, வீட்டில் அவளே ஆகிக்கொண்டாள் என்பது அவன் கேலி. அவள் அவனைச் செவிடு என்பாள். அது கேலி இல்லை. சுத்தியல் சத்தம் அவனுடைய ஒரு காதைத் தின்றிருந்தது.

வேலை முடிந்து பட்டறை வீட்டுக்கு அனுப்பிய பிறகு, உடைக்கப் போட்டிருந்த ஒரு இரும்புப் படகை இழுத்து வந்து, எஞ்சினைப் பிரித்து மாட்டி, மலையடிச் சொந்த ஊரிலிருந்து இறங்கியிருக்கிறார்கள். ஆற்றோடு வந்து, கரையோர வாய்க்கால்களில் புகுந்து, மகள் இருக்கும் துறைமுக ஊர்வரை போகவேண்டும். பஸ்ஸில் போனால் ஒரு ராத்திரிப் பயணம்தான். "நாம செஞ்ச கப்பலெல்லாம் எவனையோ சுமந்துக்கிட்டுப் போச்சு. நம்மள ஒண்ணாவது சுமக்கட்டுமே" என்றான் அவன். அவளுக்கும் அது நியாயமாகப் பட்டது.

டீசல்காரர் குழாயைச் செருகிக்கொண்டே கடலைப் பார்த்தார். "இன்னிக்குக் கடல் சரியில்ல. இந்தத் தகரத்தை மடிச்சுப் போட்டுடும். உள்வாய்க்கால்ல போங்க. சுத்துதான், ஆனா அலை கிடையாது."

"தகரமா? இது இரும்புய்யா. ஓட்டையெல்லாம் நான் அடைச்சது."

"நீ அடைச்சதுங்கிறதுதான் பயமே" என்றாள் அவள்.

டீசல்காரர் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "அங்க தண்ணிக்குள்ள பழைய கயிறு, வலை எல்லாம் கெடக்கும். படகுக்கு அடியில இருக்கிற விசிறியில சுத்திக்கும், பாத்துப் போங்க. முன்ன தூர் வார வந்த படகுல ஒருத்தன் கயிறு அறுக்கக் கீழ எறங்கினான். மேல இருந்தவன் கவனிக்காம எஞ்சினைப் போட்டுட்டான். ஒரு காலு கெடச்சுது, அதைப் பொதைச்சாங்க. மீதி ஆளு இன்னும் அங்கதான்."

"சவப்பொட்டி செஞ்சவனுக்கு மரம் மிச்சம்" என்றான் மெக்கானிக்.

"வாயைக் கழுவுய்யா" என்றாள் அவள். ஆனால் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

உள்வாய்க்கால் குறுகலானது. இரண்டு பக்கமும் அலையாத்தி மரங்கள் சேற்றில் விரல் ஊன்றியதுபோல் வேர் ஊன்றி நின்றன. சேற்றிலிருந்து அழுகிய முட்டை நாற்றம் வந்தது. காற்றும் இல்லை, ஒரு பறவையும் இல்லை. எஞ்சின் சத்தம் மரங்களில் மோதித் திரும்பி வந்தது. பின்னால் வேறு யாரோ படகு ஓட்டிக்கொண்டு வருவதுபோல் இருந்தது.

சுக்கானைப் பிடித்திருந்தது அவள். எஞ்சின் குழியில் அவன். டீசல் பம்ப் அடிக்கடி மூச்சு வாங்கும், பக்கத்தில் அவன் கை இருந்தால்தான் ஓடும். அந்த இரைச்சலில் கத்தினாலும் கேட்காது. அதனால் பட்டறைப் பழக்கத்தையே இங்கும் வைத்திருந்தார்கள். ஸ்பேனரால் இரும்பில் தட்டுவான். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் ஓட்டு. ஏன், எதற்கு என்ற பேச்சே கிடையாது. தட்டினால் செய்யவேண்டும். பட்டறையில் யோசித்து நின்றவர்களின் விரல்கள்தான் போயின.

ஒரு தட்டு கேட்டது.

அவள் நிறுத்தினாள். கொஞ்ச நேரத்தில் குழியிலிருந்து அவன் தலை நீட்டினான். "எதுக்கு நிறுத்தினே?"

"நீதானே தட்டினே?"

"நான் எங்க தட்டினேன்? ரெண்டு கையிலயும் கிரீஸு."

"அப்ப எனக்கும் காது போச்சா?"

அவன் பதில் சொல்வதற்குள் மறுபடி கேட்டது. எஞ்சின் நின்றிருந்ததால் தெளிவாகக் கேட்டது. அவர்கள் காலுக்கு அடியில், அடித்தகட்டுக்கு வெளியே, தண்ணீருக்குள்.

டங்.

"ஏதோ கட்டை முட்டுது" என்றான்.

கட்டை முட்டினால் உரசும். உருளும். இது உரசவில்லை.

கப்பல் தொட்டியை மூடுவதற்கு முன் வெளியே நிற்பவன் தட்டுவான். உள்ளே ஆள் இருந்தால் திருப்பித் தட்டவேண்டும். தட்டு கேட்டுப் பதில் தட்டாமல் விட்டால் ஒரு மனுஷனை உயிரோடு அடைத்துவிட்டதாக அர்த்தம். அந்தப் பழக்கம் அவன் கையில் ஊறியிருந்தது. யோசிக்கவே இல்லை. ஸ்பேனரை எடுத்துத் திருப்பித் தட்டினான்.

உடனே பதில் வந்தது.

அவன் வேகமாகத் தட்டினான். அதுவும் வேகமாகத் தட்டியது. விட்டு விட்டுத் தட்டினான். அதுவும் அப்படியே. அவன் முகத்தில் சின்னப் பிள்ளைச் சிரிப்பு வந்தது. குனிந்து, வாயைத் தகட்டோடு ஒட்டவைத்து, தொட்டிக்குள் கூப்பிடுவதுபோலக் கத்தினான். "யாருப்பா உள்ள? வேலை முடிஞ்சுதா? ஓட்டட்டுமா?"

"செவிடு, எந்திரி. அதோட பேசாதே."

"நம்ம பேச்சு அதுக்கு என்ன புரியப்போகுது?" அவன் மறுபடி குனிந்தான். "இங்க ஒரு மேஸ்திரி இருக்கா! அவ சொன்னாத்தான் ஓடும்!"

கீழே சத்தம் நின்றுவிட்டது. ஒருவர் காதுகொடுத்துக் கேட்கும்போது வருகிற அமைதி அது.

மறுபடி கிளம்பி ஒரு வளைவு தாண்டுவதற்குள் எஞ்சின் முக்கியது. படகு உதறி நின்றது. விசிறியில் கயிறு சுற்றிக்கொண்டது.

பின்பக்கம் குப்புறப் படுத்துப் பார்த்தான். பச்சைக் கயிறு, கை பருமன், பாசி ஏறியது. மேலிருந்து இழுத்தால் வராது. தண்ணீரும் வடிந்துகொண்டிருந்தது. மரங்களின் வேர்கள் இன்னும் கொஞ்சம் வெளியே தெரிந்தன.

"நான் எறங்கி அறுத்துட்டு வர்றேன். நேரமாச்சுன்னா படகு சேத்துல சாஞ்சிடும்."

"வேண்டாம்யா. சாஞ்சா சாயட்டும். யாராவது வருவாங்க."

"இங்க யாரு வருவா, உங்கப்பனா?"

"எங்கப்பன் வந்தா உன்னைத்தான் மொதல்ல முக்குவான்."

அவன் சட்டையைக் கழற்றினான். ஆனால் அவனுக்கும் உள்ளுக்குள் ஏதோ இருந்திருக்கவேண்டும். கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் முகத்துக்கு நேராக வந்து நின்றான். "கேட்டுக்க. இனிமே தட்டுறதுக்கெல்லாம் மதிப்பே கிடையாது. எத்தனை தட்டினாலும் காதுல போட்டுக்காதே. நான் வாயால சொன்னாத்தான் கியரைத் தொடணும். புரியுதா?"

"புரியுது."

"தட்டினா?"

"தொடமாட்டேன்."

"அப்படி இரு" என்று அவள் கன்னத்தில் கிரீஸ் கையை வைத்துத் தேய்த்துவிட்டு இறங்கினான்.

சுக்கானருகே நின்றால் பின்பக்கத் தண்ணீர் தெரியாது. எஞ்சின் கூடு மறைக்கும். அவள் காதால்தான் பார்த்தாள். மூழ்குகிற சத்தம். கத்தி நறநறவென்று அறுக்கிற சத்தம். மேலே வந்து மூச்சை இழுத்து, "சனியன், தோல் மாதிரி இருக்கு" என்று திட்டுகிற சத்தம். மறுபடி மூழ்கினான்.

டங். டங்.

ஓட்டு.

அவள் கை தானாக கியருக்குப் போனது. பாதி வழியில் நிறுத்தினாள். இரண்டு கையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

டங். டங்.

"போடா நாயே" என்றாள் மெதுவாக.

தட்டு நின்றது. ஜெயித்துவிட்டோம் என்றுகூட நினைத்தாள்.

"ஏய் மேஸ்திரி!"

பின்பக்கத்திலிருந்து அவன் குரல். அதே கரகரப்பு. அதே அவசரம்.

"என்னய்யா? ஆச்சா?"

"பாதிதான் ஆச்சு. மீதி இறுகிக் கெடக்கு. லேசா ஒரு சுத்து விடு, அவுந்துடும்."

"நீ மேல வா, அப்புறம் விடுறேன்."

"தள்ளித்தான் நிக்கிறேன். தண்ணி வடியுது, ஓட்டுடி."

"நெசமா தள்ளி நிக்கிறியா?"

"நிக்கிறேன். வாயாலதானே சொல்றேன்?"

அவள் சாவியைத் திருகினாள். எஞ்சின் பிடித்தது. கியரைத் தள்ளினாள்.

டங்.

நிறுத்து.

அது காலில்தான் கேட்டது. தகடு வழியாக ஏறி முழங்கால்வரை வந்தது.

டங். டங். டங். டங்.

இடைவெளியே இல்லாமல், வெறிபிடித்ததுபோல.

"தட்டு" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "நல்லாத் தட்டு. நான் நிறுத்தமாட்டேன்." அவன் சொன்ன சொல்லை அவள் மீறவில்லை. கியரை இன்னும் தள்ளினாள்.

தட்டு மெலிந்தது. கடைசியாக வந்தது இரும்புச் சத்தமே இல்லை. உள்ளங்கையால் தடவியதுபோல் இருந்தது.

பிறகு விசிறி லேசாகிப் படகு வழுக்கிக்கொண்டு முன்னால் போனது.

"அவுந்துடுச்சு!" என்று கத்தினாள். "செவிடு! அவுந்துடுச்சுய்யா!"

எஞ்சினை அணைத்துவிட்டுப் பின்பக்கம் ஓடினாள். சேற்றுத்தண்ணீர் நுரைத்துக்கொண்டிருந்தது. கயிறு துண்டு துண்டாக மிதந்தது. எல்லாத் துண்டும் பச்சையாக இல்லை. நுரை அடங்கியபின் தண்ணீரின் நிறம் மாறியிருந்தது. அதற்குள் ஒரு கை, முழங்கைவரைக்கும் மட்டும், கத்தியை விடாமல் பிடித்தபடி ஒருமுறை புரண்டு உள்ளே போனது.

கத்தியின் பிடியில் பித்தளை இருந்தது. அதைக்கொண்டுதான் அவன் தகட்டில் தட்டியிருக்கிறான்.

அவள் கத்தினாள். அவனைக் கூப்பிட்டாள், ஊரைக் கூப்பிட்டாள், மகளைக் கூப்பிட்டாள். தகட்டில் முகத்தை வைத்துக்கொண்டு, "அவரைக் குடுத்துடு, அவரைக் குடுத்துடு" என்று மாறி மாறிக் கத்தினாள். நிழல் நீண்டு மறுகரை ஏறும்வரை கத்தினாள். தொண்டையில் ரத்தம் கசிந்தது. பிறகு வாயைத் திறந்தால் காற்று மட்டும்தான் வந்தது.

அவள் கத்தி ஓய்ந்த பிறகு கீழே அமைதி. காதுகொடுத்துக் கேட்டு முடித்தவரின் அமைதி.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் ஒரு சின்னத் துடுப்புப் படகு வளைவு திரும்பியது. நண்டுக்கூடு போடுகிறவர். நாற்பது வயசு இருக்கும், பரந்த தோள், நல்ல முகம். எஞ்சின் கூட்டின்மேல் சாய்ந்து கிடந்தவளைப் பார்த்துவிட்டு வேகமாகத் துடுப்புப் போட்டு வந்து, கயிற்றை மாட்டி நிறுத்தினார்.

"அக்கா, என்னாச்சு? தனியாவா இருக்கீங்க? அண்ணன் எங்க?"

அவள் தலையை ஆட்டினாள். போ, போ என்று கையை வீசினாள். கூப்பிடுகிறாள் என்று நினைத்து அவர் இன்னும் கிட்டே வந்தார்.

"இங்கதான் தம்பி, கீழ" என்றது அவள் குரல்.

அவள் உதடு மூடியிருந்தது.

"கயிறு சுத்திக்கிச்சு. பாவம், ஒத்தை ஆளா அறுத்துக்கிட்டிருக்காரு. கொஞ்சம் எறங்கிக் கை குடுங்களேன்."

இருட்டத் தொடங்கியிருந்தது. அவர் அவள் வாயைப் பார்க்கவில்லை. தண்ணீரைத்தான் பார்த்தார். "இதுக்கா இப்படி அழுவுறீங்க?" என்று சிரித்துக்கொண்டே சட்டைப் பொத்தானைக் கழற்றினார்.

அவள் வாயை அகலமாகத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

"மெதுவா எறங்குங்க தம்பி" என்றது கீழேயிருந்து.